வழி கூறும் கடமை

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்து, அதற்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரையை ஏட்டுப் பிரதிகளில் வரிவரியாக ஆராயத் தொடங்கியபோது, உரையின் இடையிடையே வந்த மேற்கோள்கள் அவருக்குப் பெரும் பிரயாசையை உண்டாக்கின. இன்ன நூலில் இன்ன இடத்தில் உள்ளது என்ற குறிப்புப் பெரும்பாலும் இல்லாமல், ஓரடியும் ஈரடியுமாக உரையாசிரியர் எடுத்துக்காட்டிச் சென்ற அவ்வரிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று சொல்லத்தக்கவர் அக்காலத்தில் மிக அரியராயிருந்தனர். அவற்றின் மூலத்தைத் தேடிய தேட்டம், வித்துவான்களும் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் அவர் ஊன்றிப் படிப்பதற்குப் பெரிதும் காரணமாயிற்று. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறியபோது, தமக்கு நேர்ந்த அந்தச் சிரமம் தமக்குப் பின் வருவோர்க்கு நேரலாகாது என்று கருதியவர்போல, அவர் தம் பதிப்புகளில் ஒப்புமைப் பகுதிகளையும், மேற்கோள் விளக்கங்களையும், அரும்பத அகராதிகளையும் நிரம்ப அமைத்தார்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணாக்கர், ஒப்படைப்புக் கட்டுரையின் கீழே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் எழுதுமாறு பணிக்கப்படும்போது, அதனை மதிப்பெண்ணுக்காகச் செய்யும் ஒரு சடங்கென்றே பெரும்பாலும் எண்ணிவிடுகின்றனர். நிறுத்தற்குறி எங்கே வருவது, அடைப்புக்குறி எங்கே முடிவது என்ற அளவிலேயே அவர்க்கு அப்பயிற்சி கற்பிக்கப்படுவதால் அவர்மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. ஆயினும் இக்கடமை மேல்நாட்டாரிடமிருந்து நேற்று வந்த ஒரு விதி என்று கொள்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. இதன் வேர்கள் நம் இலக்கண மரபிலேயே ஆழ ஓடியிருக்கின்றன. அவ்வேர்களை அறிந்த மாணாக்கன் இவ்விதியைக் கைக்கொள்ளும் மனநிலையே வேறாயிருக்கும்.

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைப்போர் சொல்ல வேண்டியனவாக நன்னூலார் வகுத்த எட்டுச் செய்திகளுள், நூல் செய்தவன் பெயரை அடுத்து இரண்டாவதாக நிற்பது வழி என்பதாகும். இந்நூல் எந்நூலின் வழியாக வந்தது, யாருடைய கருத்தைப் பின்பற்றியது என்பதை வாசகர்க்கு முதலிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்பது இதன் தாற்பரியம். நூலின் பெயரையும், அது நுதலிய பொருளையும், கற்பதால் வரும் பயனையும் எவ்வளவு இன்றியமையாதனவாகக் கருதினரோ அவ்வளவு இன்றியமையாததாக வழியையும் முன்னோர் கருதினர். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாட்டிலும் இதே எண்ணம் ஊடுருவி நிற்கிறது. வழிநூல் செய்வது இழிவென்று எவரும் எண்ணவில்லை. முன்னோர் மொழியை எடுத்தாள்வதைச் சிறப்பாகவே போற்றினர். எடுத்த இடத்தை மறைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது.

அவ்வாறாயின் நச்சினார்க்கினியரும் பிற உரையாசிரியரும் மேற்கோள் காட்டிய நூல்களின் பெயரைப் பல இடங்களிலும் சொல்லாமல் விட்டது ஏன் என்ற ஆசங்கை எழுவது இயல்பே. அவர்களுடைய வாசகர் ஆசிரியர் முன்னிலையில் இருந்து பாடங் கேட்டு, மூல நூல்களை நெட்டுருப் பண்ணியவர்கள். ஓரடியைச் சொன்ன மாத்திரத்தில் முழுச் செய்யுளும், அச்செய்யுள் நின்ற இடமும் அவர்களுடைய நினைவில் தோன்றிவிடும். ஏட்டுச் சுவடிக்கு நிலையான பக்க எண் கிடையாது. ஏட்டின் அளவும் எழுத்தின் பருமையும் பிரதிக்குப் பிரதி வேறுபடும். ஆதலால் செய்யுளின் முதற்குறிப்பே அதற்குப் போதுமான அடையாளமாக நின்றது. பாடங் கேட்கும் பரம்பரை அறாமல் இருந்தவரையில் இம்முறைக்குக் குறைவில்லை. அது தளர்ந்து, சுவடிகளும் செல்லுக்கு இரையானபோதுதான், பெயர் சொல்லாத மேற்கோள் எவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு இடமளித்துவிட்டது என்பது புலனாயிற்று. யாப்பருங்கல விருத்தியுரையில் உதாரணமாகக் காட்டப்பட்ட செய்யுட்களுள் பலவற்றின் மூல நூல் இதுவென்று இன்றும் துணிய முடியாமல் அறிஞர் இடர்ப்படுகின்றனர்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது புறத்திரட்டு. பெயரறியாத சான்றோர் ஒருவர், அறமும் பொருளும் பற்றிய செய்யுட்களைப் பல நூல்களிலிருந்தும் தேர்ந்தெடுத்து, அதிகார அடைவில் தொகுத்து, அவை இன்ன நூலைச் சார்ந்தவை என்ற குறிப்பையும் சேர்த்து வைத்துச் சென்றார். பின்னர் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்து வெளியிட்ட அத்தொகை நூலால், மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தின் செய்யுட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அந்நூற்பெயருடனேயே தமிழுலகத்துக்குக் கிடைத்தன. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை முதலிய நூல்களின் சிதைவுகள் சிலவும் அவ்வாறே கிடைத்தன. முழு நூல் அழிந்த பிறகும் அதன் ஒரு பகுதி தன் பெயரோடு உயிர்த்திருக்கிறதென்றால், எடுத்தாண்டவர் பெயரைக் குறித்து வைத்த அந்தச் சிறு செய்கையே அதற்குக் காரணம். மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் வெளியிட்ட மறைந்துபோன தமிழ் நூல்கள் என்ற ஆராய்ச்சியும் பெரும்பாலும் இத்தகைய மேற்கோள்களையும் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டே இயற்றப்பட்டது. துணைநூற்பட்டியல் எதற்கு என்று வினவும் மாணாக்கனுக்கு, ஆசிரியர் இந்நூலை ஒருமுறை எடுத்துக் காட்டினாலே போதும்.

மேற்கோள் காட்டுவது ஒரு பாதி. பிறர் நூலின் பொருளைச் சுருக்கித் தம் நடையில் சொல்வது மற்றொரு பாதி. அருமை மிகுந்த பாதி இதுவே. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நால்வகைப்படுத்தும்போது தொகையை முதலில் வைத்தது. தொகுத்துச் சொல்வது அத்துணைப் பொறுப்பு வாய்ந்த காரியம். நூற்குற்றங்கள் பத்தனுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூல் எண்ணுகிறது. சுருக்கம் எழுதுவோன் எப்போதும் இவ்விரண்டுக்கும் நடுவே நடக்கிறான். நூலாசிரியர் தம் கருத்துக்கு விதித்துக்கொண்ட வரம்புகளை விட்டுவிட்டால் அவர் சொன்னதற்கு மேலாகச் சொன்னதாகும். அவர் காட்டிய காரணங்களை விட்டு முடிவை மட்டும் சொன்னால் அவர் வாதத்தின் வலிமையைக் குறைத்ததாகும்.

இக்கலை நம் நாட்டில் உச்ச நிலையை எய்தியது தர்க்க நூல்களிலேயாம். எதிரியின் கொள்கையை முதலில் பூர்வபட்சமாக நிறுவிப் பின்னரே அதனை மறுக்க வேண்டும் என்ற நியதி, சுருக்கம் எழுதும் பயிற்சிக்கு நான் அறிந்தவற்றுள் மிகக் கண்டிப்பான பள்ளிக்கூடம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தைப் பார்க்க வேண்டும். உலகாயதர் தொடங்கிப் பௌத்தருள் நால்வகையினர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகர், மாயாவாதிகள், சாங்கியர், பாஞ்சராத்திரிகள் என்று பலருடைய மதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அம்மதத்தினர் தம் வாயாலேயே தம் கொள்கையை நாட்டுவதுபோல முதலில் உரைத்து, அதன் பிறகு தனியாக அதன் மறுதலையை அவர் வைக்கிறார். கடவுளும் மறுபிறப்பும் இல்லையென்ற உலகாயதரின் கட்சியை, அதில் அணுவளவும் உடன்பாடில்லாத ஒரு சைவாசாரியர், கேட்பவர் ஒரு கணம் அதன்பாற் சாய்ந்துவிடக் கூடுமோ என்று அஞ்சும் அளவுக்குத் தெளிவாக எடுத்துரைக்கிறார் என்றால், அதற்கு வேண்டிய மனோதிடமும் நேர்மையும் எத்தகையன! தமக்குப் பகையான கருத்தைச் சிதைக்காமல் சுருக்கத் தெரிந்தவர்க்கே அதனை மறுக்கும் அதிகாரம் உண்டென்பது அம்மரபின் எண்ணம். சைன நூலாகிய நீலகேசி பௌத்த நூலாகிய குண்டலகேசியை மறுக்கப் புகுந்தது. அதற்கு உரை வகுத்த சமயதிவாகர வாமன முனிவர் எதிரியின் செய்யுட்களை எடுத்துக்காட்டிய காரணத்தால், குண்டலகேசியின் சில பகுதிகள் நமக்கு எஞ்சின. மறுக்கப்பட்ட நூலின் சொற்கள் மறுத்தவரின் உரையிலே பிழைத்திருக்கின்றன.

மேல்நாட்டில் இம்முறைகள் உருப்பெற்ற வரலாறு வேறு. பியேர் பெய்ல் 1697-இல் வெளியிட்ட அகராதியில் மூலத்தைவிடக் குறிப்புகளே மிக்கிருந்தன. எட்வர்டு கிப்பன் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய சரித்திரத்தின் முதற்பாகம் 1776-இல் வந்தபோது குறிப்புகள் நூலின் இறுதியில் இருந்தன. அவற்றை அந்தந்தப் பக்கத்தின் அடியில் அமைக்குமாறு தத்துவஞானி டேவிட் ஹ்யூம் பதிப்பாளருக்கு எழுதினார். பின் வந்த பதிப்புகளில் அவ்வாறே செய்யப்பட்டது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் இடும் ஹார்வர்டு முறை, எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல் பேராசிரியர் தோட்டத்து நத்தையினம் ஒன்றைப் பற்றி 1881-இல் எழுதிய கட்டுரையில் தோன்றியதாக ஆராய்ந்தோர் கூறுவர். சிகாகோ சர்வகலாசாலையின் நடைக்கையேடு 1906-இலும், அமெரிக்க உளவியல் சங்கத்தாரின் விதிகள் 1929-இலும், நவீன மொழிச் சங்கத்தாரின் கையேடு 1951-இலும் வெளிவந்தன. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதில் பொருளில்லை. ஒரு கட்டுரையில் ஒன்றையே கொண்டு அதனை இறுதிவரை மாற்றாமல் அனுசரித்தால் அதுவே அமையும்.

கவலை தரும் விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ரெபெக்கா மூர் ஹோவர்டு என்ற பேராசிரியையும் அவருடைய தோழியர் இருவரும் கல்லூரி மாணாக்கர் எழுதிய 18 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் காட்டிய ஆதார நூல்களோடு வாக்கியம் வாக்கியமாக ஒத்துப் பார்த்து, தாம் கண்டதை 2010-இல் வெளியிட்டனர். அந்தப் பதினெட்டனுள் ஒன்றிலேனும் ஓர் ஆதார நூலின் முழுக் கருத்தையும் சுருக்கிச் சொன்ன இடம் காணப்படவில்லை. மாணாக்கர் ஒவ்வொருவரும் நூலிலிருந்து தனித்தனி வாக்கியங்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றைப் பெயர்த்தெழுதியோ, சில சொற்களை மாற்றியோ, வேறு வகையில் திருப்பிச் சொல்லியோ தம் கட்டுரையில் பொருத்தியிருந்தனர். ஆதாரம் குறிப்பிட்டிருந்தார்களா என்பதைக் காட்டிலும், ஆதாரத்தைப் படித்து உணர்ந்தார்களா என்பதே கேட்கத்தக்க வினா என்று அவ்வாராய்ச்சியாளர் முடிவு செய்தனர். நம் நாட்டு ஒப்படைப்புகளைத் திருத்தும் எந்த ஆசிரியரும் இதனை உடனே ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இங்கே ஓர் உதாரணம் காட்டுதல் தகும். உரையாசிரியர் காலத்தில் மேற்கோள் வாசகரின் நினைவாற்றலை நம்பி நின்றது என்று ஒரு நூலில் இருப்பதாகக் கொள்வோம். மாணாக்கன் அதனை, உரைகாரர் காலத்தில் எடுத்துக்காட்டு படிப்போரின் ஞாபக சக்தியைச் சார்ந்து இருந்தது என்று எழுதுகிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாற்றுச் சொல் வந்துவிட்டது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அக்கருத்தை நூலாசிரியர் எதற்காகச் சொன்னார், அடுத்து எங்கே கொண்டுசெல்கிறார் என்பது மாணாக்கனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதனை வஞ்சகம் என்று மட்டும் சொல்லித் தண்டித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விளங்காத நூலின் முன் நிற்கும் இளைஞன், அதன் சொற்களையே பற்றுக்கோடாகப் பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு வேண்டியது அந்நூலை விளங்கிக்கொள்ளும் வழி. ஆனால் ஆதாரத்தின் பெயரை முற்றும் மறைத்து அதனைத் தன் சொந்தக் கருத்தாகக் காட்டுபவன் வேறு வகையைச் சேர்ந்தவன். அச்சோரத்துக்குச் சமாதானம் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகள் இவ்விரண்டையும் சதவீதத்தால் அளக்க முற்படுகின்றன. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 சதவீதம்வரை இருப்பின் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரையில், ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரையில், ஓராண்டுக் காலம் திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்கத் தடை. 60-க்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். தக்க ஆதாரக் குறிப்போடு காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா. பகிரங்கமான திருட்டைத் தடுக்க இவ்விதிகள் பயன்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இச்சதவீதத்தை அளக்கும் கணிப்பொறி காண்பது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. தன்னிடம் சேர்க்கப்படாத பழைய தட்டச்சுப் பிரதிகளையும், கையெழுத்து ஆய்வேடுகளையும் அது அறியாது. முன் சொன்ன உதாரணத்தில் சொற்களை மாற்றியவன் அதன் சோதனையில் எளிதாகத் தப்பிவிடுவான். மூலத்தின் சொற்களை நாணயமாக எடுத்துக்காட்டி விவாதித்தவனோ, மேற்கோள் குறியில் ஏதோ பிசகு நேர்ந்ததால் சந்தேகத்துக்கு ஆளாகக் கூடும். சதவீதத்தைக் குறைப்பதே குறிக்கோளாகிவிட்ட இடங்களில், மாணாக்கர் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பரியாயச் சொற்களைத் தேடுவதில் செலவிடும் காலம், நூலைப் படிப்பதற்கு உரிய காலமேயாகும்.

சுருக்கம் எழுதும் முறையைக் கற்பிப்பது அவ்வளவு கடினமன்று. ஒரு கட்டுரையை முதலில் குறிப்பெடுக்காமல் முழுவதும் படிக்க வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது ஆசிரியர் விடைகாண முயலும் வினா யாது, அவர் கண்ட விடை யாது, அவ்விடைக்கு அவர் காட்டும் காரணங்களுள் எது நீங்கினால் மற்றவை விழுந்துவிடும், எந்த எல்லைக்கு அப்பால் தம் முடிவு செல்லாது என்று அவரே சொல்கிறார் என்பவற்றைக் கண்டுகொள்ள வேண்டும். பின்பு நூலை மூடிவைத்துவிட்டுத் தன் நினைவிலிருந்து எழுத வேண்டும். இந்த ஒரு கட்டளை ஒழுங்காக அனுசரிக்கப்பட்டால் மேலே சொன்ன சொல்மாற்று வேலைக்கு இடமே இராது. எழுதி முடித்தபின் நூலைத் திறந்து, சொன்னதில் தவறில்லையா என்று சரிபார்த்து, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் குறிக்க வேண்டும். நம் சொற்களிலேயே எழுதியிருப்பினும் கருத்து அவருடையதாதலால் இக்குறிப்பு அவசியம். சுருக்கத்தினிடையே நம் அபிப்பிராயத்தைக் கலப்பதும் கூடாது. இதுவரை அவர் சொன்னது, இனி நான் சொல்வது என்ற எல்லை வாசகனுக்குத் தடுமாற்றமின்றித் தெரிய வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முன் உரை வகுத்த இளம்பூரணரின் கருத்தை உரையாசிரியர் என்று சுட்டித் தனியே எடுத்துரைத்துவிட்டு, அதன் பின்னரே தம் மறுப்பைத் தொடங்கும் இடங்களை முதுகலை மாணாக்கர் இந்நோக்கோடு ஒருமுறை படிப்பது நலம்.

படிக்காத நூலை ஆதாரமாகக் காட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்துக்காட்டிய மேற்கோளை நாம் அவர் நூலில் மட்டும் கண்டிருக்கும்போது, மூலத்தையே பார்த்ததுபோலக் குறிப்பெழுதுவது பொய் சொல்வதே. இன்னாருடைய நூலில் காட்டியபடி என்று எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. இவ்வொழுக்கம் தவறியதால் விளைந்த தீமைகளுக்குக் கீரையின் கதை ஒரு சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியதால், பசலையினக் கீரை ஒன்றில் இரும்புச் சத்துப் பதின்மடங்காகக் கணக்கிடப்பட்டதாக, 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஆதாரமேதும் காட்டாமல் ஒருவர் எழுதினார். அச்செய்தி, ஆராய்ச்சியில் கவனம் வேண்டும் என்று உபதேசிக்கும் கட்டுரைகளிலேயே திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. 2010-இல் மைக் சட்டன் என்பவர் மூலத்தைத் தேடிப் பார்த்து, தசமப்புள்ளிக் கதைக்கு ஆதாரமே இல்லை என்று கண்டார். ஓலே பியார்ன் ரெக்டால் என்ற நார்வே அறிஞர் இது பரவிய விதத்தை 2014-இல் விரிவாக ஆராய்ந்தார். அச்சுப்பிழைகள் ஒரு துணைநூற்பட்டியலிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே தாவிச் செல்வதைக் கணக்கிட்ட சிம்கின், ராய்சௌதுரி என்ற இரு ஆராய்ச்சியாளர், ஆதாரம் காட்டுவோருள் மூலத்தைப் படித்தவர் ஏறத்தாழ 20 சதவீதத்தினரே என்று 2003-இல் மதிப்பிட்டனர். ஒரு பதிப்பகம் மாதிரிக்காகக் கற்பித்துக் காட்டிய, உலகில் இல்லாத கட்டுரை ஒன்று, நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களில் ஏறிவிட்டது என்பதையும் 2017-இல் ஆன்-வில் ஹார்சிங் எடுத்துக்காட்டினார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் இத்தீமையை வீட்டுக்கு வீடு கொண்டுவந்துவிட்டன. கேட்ட மாத்திரத்தில், இருப்பதுபோலவே தோன்றும் நூற்பெயரும் ஆண்டும் பக்கமும் அமைந்த பட்டியலை அவை தந்துவிடுகின்றன. அவற்றுள் சில எங்கும் இல்லாதவை. 2023-இல் நியூயார்க்கில், இல்லாத தீர்ப்புகளை இவ்வாறு பெற்று நீதிமன்றத்தில் சமர்ப்பித்த வழக்கறிஞர்க்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஒப்படைப்பு எழுதும் மாணாக்கனுக்கு நீதிபதி இல்லை; நூலகத்துக்குச் சென்று அந்நூலைக் கையிலெடுத்துப் பார்க்கும் ஆசிரியரும் இராவிட்டால், பொய்ப் பட்டியல் மெய்ப் பட்டியலாகவே நின்றுவிடும்.

தமிழில் ஆய்வு செய்வோர்க்கே உரிய சில சங்கடங்களும் உள. பழைய இலக்கியத்தை எடுத்தாளும்போது பதிப்பின் பக்கத்தை மட்டும் குறிப்பது போதாது. புறநானூற்றுக்கும் குறுந்தொகைக்கும் பாட்டெண்ணும், திருக்குறளுக்குக் குறளெண்ணும், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியெண்ணும் காட்டினால், எப்பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தை உடனே கண்டுகொள்ளலாம். பாடபேதம் உள்ள இடங்களில் பதிப்பாசிரியர் பெயரும் இன்றியமையாதது. நவீன நூல்களைப் பொறுத்தவரை மறுபதிப்பின் ஆண்டு பெரிய மயக்கத்தை விளைவிக்கிறது. 1930-களில் எழுதப்பட்ட ஒரு கருத்து, மாணாக்கனிடம் அண்மைக் காலத்து மறுபதிப்பு இருந்த காரணத்தால், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கருத்தாகக் கட்டுரையில் வந்து நிற்கும். அதற்குப் பின் அதனை மறுத்தவர் அதற்கு முன்பே மறுத்தவராகவும் ஆகிவிடுவார். முதற்பதிப்பின் ஆண்டையும் கையிலுள்ள பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். குடும்பப் பெயர் உண்டென்று கருதி வகுக்கப்பட்ட மேல்நாட்டு விதிகளை, ஊரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாக நிற்கும் நம் பெயர்களுக்கு அப்படியே பொருத்துவதும் பொருந்தாது; சாமிநாதையர், உ. வே. என்று இயற்பெயரால் அகரவரிசைப்படுத்துவதே நமக்கு ஏற்றது. இவ்வகையில் நமக்கு வாய்த்த சிறந்த முன்மாதிரி சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன். ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் அப்பொருள் பயின்ற நூலின் பெயரையும் இடத்தையும் அது கூடியவரை காட்டிச் செல்கிறது. அகராதி சொன்னதை நம்பாதவர் மூலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாட்டிலே உள்ள தைரியம் போற்றத்தக்கது.

இவ்வளவும் மாணாக்கர்க்குப் படியுமாறு செய்வது எங்ஙனம் என்று கேட்டால், முதலாண்டிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கட்டுரையைக் கொடுத்து, வேறெதையும் சேர்க்காமல் அதன் சாரத்தை முந்நூறு சொற்களில் எழுதச் செய்து, அதனை ஆசிரியர் மூலத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்பேன். ஓராண்டில் இப்பயிற்சி சில முறை நடந்தால், பின்னர் எழுதும் நீண்ட கட்டுரைகளில் துணைநூற்பட்டியல் தானே நேர்மையுடையதாக அமையும். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்விலும், பட்டியலிலிருந்து ஏதேனும் ஒரு நூலைத் தேர்வாளர் சுட்டி, அதன் வாதத்தை ஐந்து நிமிஷத்தில் சொல்லும்படி கேட்கலாம். ஆனால் ஒரு வகுப்பில் அறுபது பேர் இருப்பின், அறுபது சுருக்கங்களையும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பதற்கு ஆசிரியருக்கு நாட்கணக்கில் காலம் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பல துறைகளை இன்று தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்க்கு நிரந்தர வேலையும் இல்லை, நிறைவான சம்பளமும் இல்லை. ஒற்றுமையை அளக்கும் மென்பொருளுக்குச் செலவிட நிறுவனங்களுக்கு மனம் வருகிறது. மாணாக்கன் எழுதியதை உட்கார்ந்து படிக்கும் ஆசிரியருக்கு வேண்டிய நேரத்தையும் ஊதியத்தையும் தருவதற்கும் அவை இப்போதே முன்வர வேண்டும்.